கிழட்டு ரத்தம்

லேப் அக்காவிடம் வயதை மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை அந்த ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தம். தலைச்சாயம் ஒரு மாதம் தவறியது கிடையாது.

அன்றைக்கு அந்த அக்காவுக்கு ஏசி அறையிலேயே வியர்த்துக் கொட்டியது.

விஷயம், கண்ணாடி அறையில் இருக்கும் நாலு வயது வாண்டைப் பற்றியது. நோயை எதிர்க்கும் செல்கள் உருவாகாத உடம்போடு பிறந்தவள். பரம்பரையில் வந்த அபூர்வக் கோளாறு. அண்ணன் எலும்பு மஜ்ஜை கொடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. அந்த மஜ்ஜையின் செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய், பாடம் படித்து, புதுச் செல்களாக ரத்தத்துக்கு வரவேண்டும். வந்தால்தான் கதவு திறக்கும். இதுவரை பேருக்குக்கூட ஒன்று தலைகாட்டவில்லை. அண்ணன்காரனோ தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று பழிப்புக் காட்டுவான்.

"வெளிய வந்து உன் காதைத் திருகுறேன் பாரு!" என்று உள்ளேயிருந்து சபதம் வரும்.

ஒவ்வொரு சோதனைக்கும், ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும். லேப்பில் அகப்பட்டவர் கையை நீட்டுவார். அன்று அக்காவே நீட்டினாள். அவசரத்தில் இரண்டு குழாயிலும் ரத்தத்தை ஊற்றிவிட்டு, அப்புறம்தான் ஞாபகத்தை நம்பிப் பெயர் ஒட்டினாள். முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு ஊற்று என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான்.

வாண்டின் பெயர் இருந்த குழாயை மெஷினில் வைத்தாள். திரையில் செல்கள் புள்ளிகளாக ஈயாய் மொய்த்தன. ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடி, பெயர் ஒட்டிய லட்சணம் ஞாபகம் வந்தது. மாற்றி ஒட்டிவிட்டேனே! அந்தப் பிஞ்சுக் கையில் மறுபடி ஊசியா?

டாக்டர் உள்ளே வந்தார். அவளைவிட ரொம்பச் சின்னவர்.

"திட்டுங்க டாக்டர். என் ரத்தத்தைக் கொழந்தை பேர்ல மெஷின்ல ஓட்டிட்டேன்."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனார்.

"எந்த மூலையில மொய்க்குது பாருங்கக்கா. எல்லாம் தைமஸ்லேருந்து இப்பதான் வெளிய வந்த செல்லுங்க. வயசாக ஆக அந்தச் சுரப்பி சுருங்கிடுமே, உங்களுக்குத் தெரியாததா? கோவிச்சுக்காதீங்க... இது உங்க ரத்தமா இருக்கவே முடியாது."

அடுத்த குழாயை ஓட்டினார்கள். அந்த மூலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். மிச்சமெல்லாம் வயதான அனுபவஸ்தர்கள்.

"இதுதான் நீங்க," என்றார் டாக்டர்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது.

ஆனாலும் விதி விதிதான். மறுநாள் முதலில் பெயர் ஒட்டி, மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வாண்டு ஊரைக் கூட்டி அழுதாள். முடிவு மாறவில்லை.

கொஞ்ச நாளில் கதவு திறந்தது. அண்ணன் தானாகவே குனிந்து காதைக் கொடுத்தான். ஆசை தீரத் திருகி முடித்த வாண்டு, பக்கத்தில் நின்ற அக்காவை அண்ணாந்து பார்த்தாள்.

"உனக்கு எத்தன வயசு?"

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அம்பத்தேழுடி தங்கம்," என்றாள் அக்கா, நடைக்கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அம்பத்தேழு!"