ஒடுங்கிய ஓரத்தில் எடுத்த அளவு

எங்கள் ஊரில் ஓர் உயிரின் விலை நூற்றுப் பத்து கிலோமீட்டர். ஸ்கேன் இயந்திரமும், மண்டையைத் திறக்கத் தெரிந்த சர்ஜனும் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில். எங்கள் மருத்துவமனையில் இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். அது கிளம்புவதும் நிற்பதும் பதினெட்டு வருஷமாக மூத்த டாக்டரான என் வாய்ச்சொல்லில் இருந்தது.

பிறகு டாக்டர் நஜ்லா வந்தாள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை மூடிய இமைமேல் வைப்பாள். கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பின் உறை திரையில் தெரியும். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த உறை புடைக்கும். ஐந்தரை மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து. ஊசியில்லை, துளையில்லை. ஒரே மாதத்தில் நர்சுகள் நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, நஜ்லா பார்த்தாச்சா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். என் அப்பா கம்பள வியாபாரி. எதிரே புதுக்கடை திறந்த அன்று அவருக்குக் குஸ்குஸ் சாப்பாடு இறங்கவில்லை. அன்று சிரித்தேன். இப்போது என் எதிரேயும் ஒரு புதுக்கடை.

அது ஆலிவ் பறிப்புக் காலம். ஏணியிலிருந்து விழுந்த ஹதூமாவைத் தூக்கி வந்தார்கள்; கிளையிலிருந்து காய் உருவ மாட்டிய ஆட்டுக்கொம்பு உறைகள் இன்னும் அவள் விரல்களில் இருந்தன. ஒருமுறை வாந்தி எடுத்தாள். ஆனாலும் பேசினாள், மரத்தில் விட்டுவந்த காய்களுக்காக வருத்தப்பட்டாள். நஜ்லா அளந்து, ஆறு புள்ளி மூன்று, உடனே அனுப்ப வேண்டும் என்றாள்.

"வாய் ஓயாம பேசுற பொம்பளைக்கு ஆம்புலன்ஸா? நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

நஜ்லாவை அடுத்த அறைக்கு ஒரு மூச்சுத்திணறல்காரரிடம் அனுப்பிவிட்டு நானே அளந்தேன். நான்கு புள்ளி ஆறு. எனக்கு இனித்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

நாற்பது நிமிடம் கழித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஹதூமா கண் திறக்கவில்லை.

அடுத்த அறையிலிருந்து ஓடி வந்த நஜ்லா, திரையில் நின்றிருந்த என் படத்தைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கண்ணை ஒட்டியே அளந்திருக்கீங்க, டாக்டர். மூணு மில்லிமீட்டர் தள்ளித்தான் அளக்கணும், அங்கதான் புடைக்கும். எங்கம்மா நெசவுக்காரி. கம்பளம் வாங்க வர்ற வியாபாரிங்க விலையக் குறைக்க ஒடுங்கின ஓரமா பாத்துத்தான் அளப்பாங்க. உங்க வீட்டுப் பழக்கம் விடல போல."

அவள் சொன்ன இடத்தில் அளந்தேன். ஆறு புள்ளி ஏழு. வண்டி பறந்தது.

ஹதூமா பிழைத்தாள். அளந்தது யாரென்று சர்ஜன் போனில் கேட்டு நஜ்லாவை வாழ்த்தினாராம். அதுவும் எரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஹதூமாவின் கணவர் ஷாத்லி பத்து லிட்டர் புது ஆலிவ் எண்ணெயுடன் நேரே என்னிடம் வந்தார். முடிவெடுத்தது நரைத்த தலையாகத்தான் இருக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நஜ்லாவுக்கு வாசலில் ஒரு ஸலாம். நான் திருத்தவில்லை.

கணக்கு இதுதான். நஜ்லா பக்கம்: சரியான அளவு ஒன்று, உயிர் ஒன்று, வரவு ஒரு ஸலாம். என் பக்கம்: தப்பான அளவு ஒன்று, வரவு பத்து லிட்டர். அதில் ஐந்தை அவள் மேசையில் வைத்தேன், காரணம் சொல்லாமல். எண்ணெய் சரிபாதி ஆயிற்று. நாற்பது நிமிடம் இன்னும் என் பெயரில் நிற்கிறது.