மிச்ச ஆறு வரிகளைக் கூப்பிடும் விண்ணப்பம்

மெற்றில்டா மன்னாரை விட்டுப் புறப்பட்ட அன்று வான் வண்டியின் பின்பக்கத்தில் ஆறு பேருக்குத்தான் இடம் இருந்தது. அதனால் அவளுடைய கவிதையின் முதல் ஆறு வரிகள் மட்டும் ஏறின. அவள் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தாள். மிச்ச ஆறு வரிகளும் தங்கச்சி ஜெசிந்தாவின் வீட்டில் நின்றுவிட்டன.

"போய்ச் சேர்ந்ததும் உங்களைக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் சாத்துவார்கள்.

பதினெட்டு வருடங்கள் போயின. நோர்வேயில் ஒரு மீன்பிடி ஊர். மூன்றாம் மாடி. ஆறு வரிகளும் அவளோடு வசித்தன. முதலாம் வரி மீன் தொழிற்சாலையில் வேலை செய்தது. இரண்டாம் வரி வீட்டிலும் அந்த நாட்டு மொழிதான் கதைத்தது. மூன்றாம் வரிக்குச் சனிக்கிழமை என்றால் இடியப்பம் வேண்டும். நாலும் ஐந்தும் ஒரு அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தன. ஆறாம் வரிக்கு இருமல். அந்த வரி இது:

இரண்டு கரையிலும் ஒருத்தி நின்று

பிறகு என்ன என்று கேட்டால் ஆறாம் வரி கையை விரிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.

"பொருள்: பாதிக் கவிதை. தங்கள் கவிதை பதினெட்டு வருடங்களாகப் பாதியாக வசித்துவருவது தெரியவந்துள்ளது. பாதிக் கவிதைக்கு வதிவிட அனுமதி கிடையாது. முப்பது நாட்களுக்குள் முழுமையாக்கவும். தவறின் இங்குள்ள ஆறு வரிகளும் உரைநடையாக்கப்படும்."

மெற்றில்டா இரண்டு தரம் வாசித்தாள். மூலையில் திகதி போட்டுக் கோப்பில் வைத்தாள். உரைநடையானவர்களை அவளுக்குத் தெரியும். கீழ்மாடிச் சோமாலியக் குடும்பத்திடம் ஒரு தாலாட்டு இருந்தது. இப்போது அது பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கையேடு. நல்ல கையேடுதான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டுத் தூங்குவதில்லை.

மறுநாள் குடிவரவுப் பணிமனைக்குப் போனாள். வாசலிலிருந்து அதிகாரியின் மேசைக்கு நாற்பது அடி. அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். மன்னார்க்காரி மாதிரியே கதைத்தார்.

"தமிழ் எங்க படிச்சனீங்கள், மேடம்?"

"படிக்கேல்லை. இந்தக் கதிரையில இருந்தா வரும். எழும்பினாப் போயிடும்."

அதிகாரி படிவத்தை விரித்தார்.

"அங்க இருக்கிற ஆறும் உங்கட வரிகள்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"நான்தானே எழுதினனான்."

"எல்லாரும் அதைத்தான் சொல்லினம்."

நேர்முகம் என்று முடிவானது. இங்கே ஆறாம் வரி, அங்கே ஏழாம் வரி. ஒரே நேரத்தில், தனித்தனித் தொலைபேசியில், நாற்பத்திரண்டு கேள்விகள்.

யாரைக் கூப்பிடுவதென்றாலும் எங்கள் சனம் செய்கிற வேலையை மெற்றில்டாவும் செய்தாள். நாற்பத்திரண்டு பதில்களை இலக்கமிட்டு எழுதினாள். பத்து நாட்கள் இங்கே ஆறாம் வரி தொலைபேசியில் வாசித்தது. அங்கே ஜெசிந்தா ஏழாம் வரியை முன்னால் இருத்திப் பாடமாக்க வைத்தாள்.

"நிலத்தைப் பாக்காமச் சொல்லு. சுவரில என்ன படம்?"

"மடு மாதா."

"சட்டம் என்ன நிறம்?"

"மண்ணிறம்."

"மண்ணிறம் எண்டு சொல்லேக்க ஏன் அழுற மாதிரிச் சொல்லுறாய்? நிமிந்திரு."

நேர்முகம் முடிந்தது. மெற்றில்டா முடிவு கேட்கப் போனாள். இப்போது அதிகாரியின் மேசைக்கு முக்கால் மணி நேர நடை. வழியில் களைத்தவர்கள் இருக்க ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். அதில் அமர்ந்து பாண் சாப்பிட்டாள்.

"எல்லாப் பதிலும் ஒண்டு" என்றார் அதிகாரி.

"அது நல்லதுதானே, மேடம்?"

"பதினேழாம் கேள்விக்கு உங்கட ஆறாம் வரி இருமினது. அங்க ஏழாம் வரியும் இருமினது."

மெற்றில்டாவுக்கு விளங்கியது. ஏழாம் வரி இருமலையும் சேர்த்துப் பாடமாக்கியிருக்கிறது.

"எனக்கு மூண்டு சகோதரங்கள். அப்பான்ர கண் என்ன நிறம் எண்டு கேட்டா நாங்கள் நாலு பதில் சொல்லுவம். ஒரே பதில் சொல்லுறவை ஒரு குடும்பமா இருக்கேலாது." அதிகாரி 'நிராகரிப்பு' என்று முத்திரை குத்தினார். "போக, கேள்வியே இல்லாத ஒரு பதிலையும் ஏழாம் வரி சொன்னது."

"என்ன பதில்?"

"'நான் வரேல்லை.'"

மெற்றில்டா வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவை அழைத்தாள்.

"அது அப்பிடிச் சொன்னது உனக்குத் தெரியுமா, ஜெசி?"

"ஓம் அக்கா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஏன் அதிட்டக் கேக்கேல்லை? பதினெட்டு வருசமாக் கூப்பிடுறன் கூப்பிடுறன் எண்டாய். வாறியோ எண்டு ஒருநாள் கேட்டியா? பன்ரெண்டாம் வரி கோயில் பாட்டுக்குழுவில. எட்டுக்குக் கலியாணம் பேசியாச்சு. மாப்பிள்ளை ஒரு விடுகதை. நல்ல பெடியன்."

பிறகு ஏழாம் வரி தொலைபேசியை வாங்கியது.

"அன்ரி" என்றது.

எழுதியவளை, அம்மா என்று இல்லாமல், அன்ரி என்கிறது.

"கோவிக்காதேங்கோ அன்ரி. எனக்கு இங்கதான் சரி."

அவள் திரும்பி ஆறாம் வரியைப் பார்த்தாள். "நீயாவது அங்க போவியா?" ஆறாம் வரி அந்த நாட்டு மொழியில் மாட்டேன் என்றது. பிறகு இருமியது. இருமல் மட்டும் தமிழில் இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் பணிமனைத் தாழ்வாரத்துக்குள் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. மெற்றில்டா மத்தியானம் போய்ச் சேர்ந்தாள்.

"ஒருத்தரும் அசையினம் இல்லை, மேடம். நாளைக்கு உரைநடையாக்கிப் போடுவியள்."

"ஒரு வழி இருக்கு" என்றார் அதிகாரி. "வரியள் அங்கங்க இருக்கட்டும். நடுவில ஒரு ஆள் நிண்டாக் கவிதை முழுசு எண்டு பதியலாம்."

"எதுக்கு நடுவில?"

"ஆறுக்கும் ஏழுக்கும். அந்த இடம் பதினெட்டு வருசமாக் காலி."

"அது எந்த நாட்டில இருக்கு?"

"ஒரு நாட்டிலயும் இல்லை. விசா தேவையில்லை."

"என்ன வேலை?"

"ஆறாம் வரி முடிஞ்சு ஏழாம் வரி வரும்வரைக்கும் நிக்கிறது."

"திரும்பி வரலாமோ?"

"எந்தப் பக்கம்?"

மெற்றில்டா பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வீடு பூட்டும் திறப்பை முதலாம் வரியிடம் கொடுத்தாள். இடியப்ப மா எந்தத் தட்டில் என்று மூன்றாம் வரிக்குக் காட்டினாள். நாலுக்கும் ஐந்துக்கும் கதவுக்கு வெளியே நின்று, போகிறேன் என்று சொன்னாள். உள்ளேயிருந்து ஒரு "சரி" வந்தது. எது சொன்னது என்று தெரியவில்லை. ஆறாம் வரி வாசல்வரை வந்து, அவளுடைய ஜக்கெற்றின் பொத்தானைப் பூட்டிவிட்டது.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இடம் அகலமில்லை. சூட்கேஸ் போகவில்லை, வெளியில் விட்டாள். பக்கவாட்டில் திரும்பி உள்ளே போய் நின்றாள்.

முப்பதாம் நாள் பரிசோதனைக்கு அதிகாரி கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் இருந்து முதலாம் வரியிலிருந்து உரத்து வாசித்தார். "இரண்டு கரையிலும் ஒருத்தி நின்று" என்றார். நிறுத்தினார். மூச்சு எடுத்தார். மெற்றில்டா அசையாமல் நின்றாள். "ஒருத்தியையே கூப்பிடுகிறாள்" என்று தொடங்கிப் பன்னிரண்டாம் வரிவரை போனார். 'முழுமை' என்று குத்திவிட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாயந்தரம் ஜெசிந்தா அழைத்தாள்.

"இடம் எப்பிடி அக்கா? குளிரோ?"

"ஒரு பக்கம் மட்டும்."