வழிவிட்ட வண்டி

பெயிண்ட் கடை மொட்டைமாடியில் உட்கார்ந்து அவள் கீழே ரவுண்டானாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை பெரிய வித்தை இல்லை. வரிசையின் வாலில் ஒரு வண்டி வந்து நின்றதும் கையிலிருக்கும் கடிகாரத்தை அழுத்த வேண்டும். அது வட்டத்துக்குள் நுழைந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். இடையில் ஓடியதுதான் அந்த வண்டியின் தாமதம். எழுதி முடித்ததும் அடுத்து வாலில் வந்து சேர்வதைப் பிடிக்க வேண்டும். பிடித்தது பிடிக்காதது பார்க்கக் கூடாது.

பக்கத்தில் பொறியாளர். தாமதத்தை வைத்து அவர் போடும் கணக்கில் எல்லாமே கார்தான். பஸ் என்றால் மூன்று கார், பைக் என்றால் அரைக் காருக்கும் கீழே. கைவண்டி எத்தனை கார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. நாலைத் தாண்டினால் பகலில் கைவண்டியை இந்தப் பக்கமே விடுவதில்லை என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது.

அவள் புருஷன் இழுப்பது கைவண்டி. ரவுண்டானாவைத் தாண்டினால்தான் இரும்புக் கிடங்கு. சுற்றிப் போகலாம், ஆனால் கம்பிப் பாரத்தோடு பாலத்து மேட்டில் தினம் ஏறினால் அவன் முழங்கால் ஒரு வருஷம்கூடத் தாங்காது.

காலையில் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். "இன்னிக்கு அங்க கணக்கெடுக்கிறோம். யாரையும் நிறுத்தி வச்சிடாதய்யா. நம்ம பொழப்புக்கே வேட்டு."

"போடி, நான் என்ன ரோட்டுக்குப் புதுசா?"

வெயில் ஏறிய நேரத்தில் ஒரு லாரியை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். வாலில் வந்து நின்றது அவன் வண்டி. நீட்டிய கம்பி முனையில் சிவப்புத் துணி. அழுத்தினாள்.

வரிசை நகர்ந்து அவன் முன்னால் வந்துவிட்டான். வந்தவன் நின்றான். ஒரு கார் வந்தது, விட்டான். ஆட்டோ வந்தது, விட்டான். ஸ்கூட்டரில் வந்த ஒருத்தி அவனுக்காகவே பிரேக் பிடித்தாள். கையைக் காட்டி அவளையும் அனுப்பிவைத்தான்.

வழக்கமாக அவன் அப்படியில்லை. வண்டி மூக்கை உள்ளே விட்டுவிட்டு நடையைக் கட்டுவான். திட்டுவார்கள், ஒதுங்குவார்கள், முடிந்தது. இன்றைக்கு யாரையும் நிறுத்தக் கூடாது என்று நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் பஸ், வேன், தண்ணீர் லாரி என்று பெட்ரோல் பங்க் வரை நின்றது.

"அந்தாளுக்கு என்னக்கா, கிறுக்கா? இப்படி ஒரு தாமதம் இந்த வாரத்துலயே பார்க்கல." பொறியாளர் குரலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

அவள் எழுந்து கைப்பிடிச்சுவரில் குனிந்தாள்.

"யோவ்! எதுக்குய்யா சிலை மாதிரி நிக்கிற? மூக்க உள்ள விடு!"

அவன் அண்ணாந்து பார்த்தான். "நீதானடி யாரையும் நிறுத்தாதன்னு சொன்ன!"

"பின்னால ஊரே நிக்குது! போய்யா!"

விட்டான். வட்டத்தில் வந்த வேன் கிறீச்சிட்டு நின்றது. வேன்காரன் அவன் அப்பன் வரைக்கும் இழுத்துத் திட்டினான். வரிசை கரைந்தது.

"யாருக்கா அது?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

பொறியாளர் அவள் எழுதிய வரியின் மேல் கோடு போட்டார். "நீங்க கத்தி உள்ள போனது ரோட்டுக் கணக்குல சேராது. திரும்ப வருவாரா?"

"சாயங்காலம் இன்னொரு லோடு இருக்கு."

"அப்ப வாயைத் திறக்காதீங்க."

சாயங்காலம் அவன் வாலில் சேர்ந்தபோது அவள் முந்தின வண்டியை எழுதி முடித்திருந்தாள். அழுத்தினாள். முன்னால் வந்ததும் அவன் மாடியைப் பார்த்தான். உத்தரவுக்கு நின்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கடிகாரம் ஓடியது.

"யோவ் பெருசு, மாடியில என்ன சினிமாவா ஓடுது?" பின்னால் பஸ் டிரைவர் கத்தினான்.

அவன் மூக்கை விட்டான்.

அவள் எழுதினாள். பொறியாளர் எட்டிப் பார்த்து, அன்றைய கைவண்டிகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார். "மூணு காருக்குக் கொஞ்சம் மேல நிக்குது. நாளைக்கும் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

வீட்டில் அவன் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டான். "நாளைக்கு நான் என்னதான் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. எப்பவும் போல திட்டு வாங்கிட்டுப் போ."