சாய்ந்த முத்திரை

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் சீட்டிலிருந்து பிறந்தது. வீடு மாற்றும்போது என் பழைய கோப்பிலிருந்து விழுந்தது. ஜப்பானின் ஹரிமா கடலோரத்தில் நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில், தொழிலாளர்கள் யோசனை எழுதி மேலே அனுப்பும் சீட்டு. எழுதியவள் மிசாவோ, கழுவும் பிரிவு.

கதைக்கு நான் எழுதிய முதல் வரி: 'அபாயச் சங்கு அலறியது. புகை சூழ்ந்த அறையில் மிசாவோ'

அடித்துவிட்டேன். சங்கு அலறவில்லை. யாரும் ஓடவில்லை. அதுதான் சிக்கலே. (வாராவாரம் துப்பறியும் கதையைப் பிணத்தோடு ஆரம்பித்துப் பழகிய கை.)

2

நேராகவே சொல்கிறேன். பிளாட்டினத்தை அமிலத்தில் கரைத்து, வெள்ளைத் தூளில் ஊறவைத்து, நாள்கணக்கில் கழுவி, வறுத்தால் வினையூக்கி. கார்ப் புகையைச் சுத்தமாக்கும் சரக்கு. செய்கிற இடத்தில் குளோரின் கலந்த பிளாட்டினம் உப்பின் தூசி மூச்சில் ஏறினால், சிலருக்கு ஆயுள் முழுக்க இழுப்பு.

மிசாவோ, குளோரின் இல்லாத வேறொரு பிளாட்டினம் உப்பைத் தூளோடு சேர்த்து, பீங்கான் குண்டுகள் போட்ட ஜாடியில் உருட்டி அரைத்தாள். அமிலம் இல்லை. கழுவல் இல்லை. பாதிப் பிளாட்டினத்தில் அதே வேலை.

பிரிவுத் தலைவர் ஷிமோகவா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாவு மாதிரி அரைச்சீங்களா?"

"அரிசி மாவுகூட இவ்ளோ சுலபமா வராது சார். கழுவுற வேலையே போயிடும். முதல்ல வீட்டுக்குப் போறது நான்தான்." சிரித்தவள் இருமினாள்.

"மறுபடியும் சீடர் மர மகரந்தமா?"

"ஊரே மாஸ்க் போட்டுத் தும்முது. நான் மட்டும் சும்மா இருந்தா மரம் கோச்சுக்காதா?"

அது மார்ச், சீடர் மரம் பூக்கிற காலம். எல்லாரும் மகரந்தம் என்றே நம்பினோம். ஆகஸ்டிலும் இருமினாள். ஆகஸ்டில் சீடர் மரம் பூப்பதில்லை.

3

ஷிமோகவாவைக் கோழையாக எழுதினால் கதை பறக்கும். ஆனால் அவர் அன்றே சீட்டில் தன் ஒப்புதல் முத்திரை வைத்தார். எங்கள் வழக்கப்படி இடப்பக்கம் சாய்த்து. பக்கத்துக் கட்டத்தில் விழப்போகும் மேலதிகாரியின் முத்திரைக்கு வணங்குகிற மாதிரி. அந்த மேலதிகாரி கனெமரு. பழைய முறையை உருவாக்கியவரே அவர்தான்.

"பெரியவர் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆறார், மிசாவோ. பூங்கொத்து குடுத்து அனுப்பிட்டு ஆரம்பிப்போம். இப்ப சொன்னா, நாப்பது வருஷ உழைப்பு தண்டம்னு முகத்துக்கு நேரா சொல்ற மாதிரி."

"ரெண்டு வருஷம்தானே சார். பொறுத்துக்கறேன்."

4

முடிவு ஒன்று: சீட்டு கனெமருவின் மேசைக்குப் போகிறது. கிழவர் படித்துவிட்டு, "அட முட்டாள்களா, இதை ஏன்"

நடக்கவில்லை.

முடிவு இரண்டு, நடந்தது: இரண்டு வருஷம் கழித்து கனெமருவுக்குப் பூங்கொத்து, கைதட்டல். மறுமாதமே ஜாடிகள் வந்தன. மூன்றே வாரத்தில் அமிலத்தொட்டி காலி. அதற்குள் இழுப்பு முற்றி வேலையை விட்டிருந்த மிசாவோ பார்க்க வந்தபோது, தொழிற்சாலை மருத்துவர் வாசலிலேயே நிறுத்தினார். பழைய தூசி துளி பட்டாலும் மூச்சு அடைக்கும்.

"உருளுதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"உருளுது."

"சத்தம் கேக்குது." கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

5

அந்தச் சீட்டு என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை.

அதில் இரண்டு முத்திரைகள். இன்னொன்று, அதிகமாகச் சாய்ந்தது, என்னுடையது. தூளைச் சோதித்தவன் நான். பலிக்கும் என்று தெரிந்தவன். "நீங்களே வெச்சிருங்க. மனசு வந்தா மேல அனுப்புங்க" என்று ஷிமோகவா என்னிடம்தான் கொடுத்தார். கனெமருவோடு தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டேன்.

கனெமருவின் கட்டம் காலியாகவே இருக்கிறது. முடிவு ஒன்றில் கிழவரின் வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் முடியுங்கள்.

மிசாவோ எதையும் வாய்விட்டுப் படிப்பவள். அவள் மூச்சுக்கு ஏற்ற மாதிரி வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்.