மூன்றாவது கதவுக்குப் பின்னால்

உயிரியல் தேர்வில் ஏழாவது கேள்விக்கு வந்தபோதுதான் இடுப்பு லேசாக இருப்பது லொரீனுக்கு உறைத்தது. கை தானாகச் சட்டைக்குள் போனது. உறை இருந்தது. துப்பாக்கி இல்லை.

கழிப்பறையில் உட்காருமுன் அதை உருவிக் காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைத்தவள், எடுக்க மறந்துவிட்டாள். குண்டு போட்ட துப்பாக்கியைக் குடையைப்போல மறந்துவிட்டு வந்து பரீட்சை எழுதுகிறாள், மகராசி!

டெக்சாஸில் இருபத்தோரு வயதாகி உரிமமும் இருந்தால் கல்லூரி வகுப்புக்கே துப்பாக்கியைக் கொண்டுவரலாம். யார் கண்ணிலும் படக்கூடாது, அவ்வளவுதான். கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய முன்னாள் கணவன் வேட் இதே ஊரில்தான் சுற்றுகிறான். அந்தப் பயம் பொய்யில்லை. கல்லூரிக்குள் துப்பாக்கி கூடாது என்று கையெழுத்து வாங்க வந்தவர்களிடம், பொறுப்பானவர்களும் இருக்கிறோம் என்று வாயடித்து அனுப்பியவள் அவள்.

விடைத்தாளைப் போட்டது போட்டபடி ஓடினாள். கழிப்பறையில் அவள் உட்கார்ந்திருந்த மூன்றாவது அறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குனிந்து கதவடி இடைவெளியில் பார்த்தாள். கால் எதுவும் தெரியவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, சின்னப் பிள்ளையின் மூச்சு.

கூடப் படிக்கும் ரோசால்வாவின் மகள் மரிபெல். ஆறு வயது. பள்ளி விடுமுறை, அம்மா பரீட்சை எழுத, வராந்தாவில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவளை இப்போது ஓடிவரும்போது அங்கே காணவில்லை. பள்ளிக்குள் யாராவது சுட வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே பழக்கியதைத் துப்பாக்கியைக் கண்டதும் அப்படியே செய்திருக்கிறாள். தாழைப் போட்டு, காலை மேலே தூக்கிக்கொண்டு, சத்தம் காட்டாமல் இருக்கிறாள்.

"மரிபெல், கதவத் தொற கண்ணு."

"யாரு சொன்னாலும் தொறக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

லொரீன் கதவின் அடியில் கையை விட்டாள்.

"வராதீங்க. இங்க துப்பாக்கி இருக்கு. எடுத்துருவேன்."

லொரீன் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். ரோசால்வாவை அழைத்துவரலாம், ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே என்ன நடக்குமோ?

சுடுகிறவர் போய்விட்டாரா என்று குழந்தை கேட்டது. போய்விட்டார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், வெளியே இருப்பவளை நம்பாத குழந்தை எதற்கும் இருக்கட்டும் என்று துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால்?

"சுடுறவங்க யாரும் வரல தங்கம். அது என்னோடது. நான்தான் மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன். தப்பு என்மேலதான். நான் சுவரோரமா தள்ளி நிக்கிறேன். நீ அதத் தொடாம வெளிய வா."

சொன்னபடியே லொரீன் சுவரோரம் தள்ளி நின்றாள். பிறகு தாழ் நகர்ந்தது.

மரிபெல் வெறுங்கையோடுதான் வந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். அதுவும் பள்ளியில் பழக்கியதுதான். கையைக் கீழே போடு என்று லொரீன் கெஞ்சியும் போடவில்லை. அவள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், எதிர்ச்சுவரை ஒட்டியபடி வாசல்வரை நகர்ந்தாள்.

"என்னச் சுட்டுராதீங்க, மேம்," என்றாள்.