ஒரே ஒரு அழுத்து

உறையைக் கிழித்துக் குப்பியை எடுத்த எல்பர்ட், முதலில் அதைக் காற்றில் ஒருமுறை அழுத்தினார். இருபது வருடமாக ஒவ்வாமைக்கு மூக்கில் மருந்து அடித்துக்கொள்கிற மனிதர். முதல் அடியை வெளியே விட்டால்தான் அடுத்தது ஒழுங்காக வரும் என்று அவர் கைக்குப் பழகிவிட்டது. குளியலறைத் தரையில் மகள் டெசா போதைமருந்து அளவு மீறி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். குப்பியில் இருந்தது, அப்படி நின்றுபோகும் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து. அவள் மூக்கில் முனையை வைத்து மறுபடி அழுத்தினார். விசை அசையவில்லை. குப்பியில் இருந்ததே ஒரே ஒரு அழுத்துதான்.

பெட்டிக்கு இரண்டாக வரும் குப்பிகளில் இன்னொன்றைப் போன மாதம் டெசாவே, பெட்ரோல் பங்க்கில் விழுந்து கிடந்த ஒருத்திக்கு அடித்துப் பிழைக்க வைத்திருந்தாள். எல்பர்ட் மகளின் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தார். அமெரிக்காவில், கெண்டக்கி மாநிலத்தின் அந்த மலையிடுக்குக்கு ஆம்புலன்ஸ் வந்துசேர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்றித் தொடைக்கறி, பீன்ஸ், சோள ரொட்டி. நிலக்கரிச் சுரங்கத்தில் கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, உன்னால் ஆனதைச் செய்துவிட்டாய் என்று தோளைத் தட்டிப் போனார்கள். அவர் மனைவி நார்மாவும் வருகிறவர்களிடமெல்லாம், மருந்து கொடுத்தும் கர்த்தர் கூப்பிட்டுக்கொண்டார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக எல்பர்ட் அதைத் திருத்தவில்லை. தன்னைப் போல ஒரு கோழை இந்த மலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டு தட்டையே பார்த்தபடி இருந்தார்.

வாசலருகே சுகாதாரத் துறை நர்ஸ் மேசை போட்டு, அதே மருந்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர்ச் சாவுகளில் இப்போது அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. பேரனுக்காக ஒரு பெட்டி வாங்கிய பக்கத்து வீட்டு ஓப்பல், ஒரு குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மொதல்ல வெளிய ஒரு அடி அடிச்சுப் பாத்துக்கணும், இல்லையாம்மா?"

நர்ஸ் வாய் திறப்பதற்குள் எல்பர்ட் பேசிவிட்டார்.

"அடிச்சுப் பாக்காத, ஓப்பல். அதுல ஒண்ணுதான் இருக்கு. நான் காத்துல அடிச்சுட்டேன்."

அருகில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இனிப்பு வெட்டிக்கொண்டிருந்த நார்மா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நேராக வந்து அவர் முன்னால் நின்றாள். அறைந்துவிடுவாள் என்று நினைத்தார். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல," என்றாள் நார்மா. "எழுந்து நின்னு சொல்லு."

எல்பர்ட் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை, நார்மா அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.