சட்டைப் பையில் மார்ஷ்மெல்லோ

எர்வின் அண்ணன் மே மாதத்தில் ஒரு நாள் தீவனச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து என் சமையலறை மேசைமேல் வைத்தார். உள்ளே, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு நான்கு ரக்கூன் குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை.

“ட்ரூடி தாயைக் கடிச்சுப் போட்டுருச்சு, வெல்டா. கட்டித்தான் வெச்சிருந்தேன்.”

“கட்டிப்போட்ட நாய் எப்படிண்ணே கடிக்கும்?”

“கயிறு கொஞ்சம் நீளம்.”

ட்ரூடி அவருடைய வேட்டை நாய். குளிர்காலம் முழுவதும் ரக்கூன் பிடித்துத் தோல் விற்கிற மனிதர் அவர். நான் அநாதைக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடுகிற உரிமம் வைத்திருப்பவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சோள வயல்தான்.

குட்டிகளைக் குப்புறப் படுக்கவைத்துத்தான் பால் புகட்ட வேண்டும். கைக்குழந்தையைப்போல் மல்லாக்கப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்குப் போகாது. தாய் நாக்கால் செய்கிற வேலை அது. சில நாள் வேடிக்கை பார்த்த எர்வின் அண்ணன், பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டார். மனசாட்சி குத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். வந்த உதவியை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

என் வீட்டில் குட்டிகளுக்குப் பெயர் கிடையாது, கொஞ்சல் கிடையாது. வெளிக் கூண்டுக்கு மாற்றியபின் பேச்சும் கிடையாது. மனிதனைக் கண்டால் அவை மரமேற வேண்டும். ஏறாததைக் காட்டில் விட முடியாது, வீட்டில் வளர்க்கவும் அனுமதியில்லை. என் உரிமத்தின் நிபந்தனைப்படி ஊசி போட்டுக் கொல்ல வேண்டியதுதான்.

செப்டம்பரில் சோதித்துப் பார்த்தேன். நாங்கள் கூண்டுக்குள் நுழைந்ததும் மூன்று குட்டிகள் கம்பத்தின் உச்சிக்குப் போயின. இருப்பதிலேயே சிறியது மட்டும் என்னைத் தாண்டி ஓடி, எர்வின் அண்ணனின் கால்சட்டையைப் பற்றி ஏறி, சட்டைப் பைக்குள் கையை விட்டது. ஒரு மார்ஷ்மெல்லோவோடு கை வெளியே வந்தது.

எங்கள் இந்தியானாப் பக்கம் ரக்கூன் பொறிகளில் வைக்கிற இரை அந்த வெள்ளை மிட்டாய்தான். பூனை அதைத் தொடாது, ரக்கூன் விடாது.

சின்னதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன். “பொறிக்குள்ள எப்படிப் போறதுன்னு நீங்களே பழக்கியிருக்கீங்க. அதுக்கு அன்னிக்கே நாய்கிட்ட விட்டிருக்கலாம்.”

“எப்பவாவது ஒண்ணுதாம்மா.”

“மிருக டாக்டர் அடுத்த மாசம் சோதிக்க வர்றார். அதுக்குள்ள இது உங்களைப் பார்த்து ஓடணும். இல்லேன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.”

மறுநாள் அவர் வந்தபோதும் பையில் மார்ஷ்மெல்லோ இருந்தது. ஆனால் அதைப் பிளந்து நடுவே மிளகாய்ச் சாறு விட்டிருந்தார். சின்னது வாங்கித் தின்றது. பிறகு கீச்சிட்டுக்கொண்டே இரண்டு கைகளாலும் வாயைத் தேய்த்தது, தண்ணீர்த் தொட்டியில் முகத்தை முக்கியது. கடைசியில் ஆறுதல் தேடி அவரிடமே வந்தது. அவர் இன்னொன்றை நீட்டினார்.

“போதும்ணே. பார்க்க முடியல.”

“நீ உள்ள போ, வெல்டா.”

அந்த வாரம் முழுவதும் செய்தார். டாக்டர் வந்த அன்று எர்வின் அண்ணன் கூண்டுக் கதவில் கை வைத்ததுமே நான்கும் உச்சியில் இருந்தன, சின்னது எல்லாவற்றுக்கும் மேலே. டாக்டர் சரி என்றார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். முந்தின நாள்தான் மழை கொட்டியிருந்தது. ஓடையோரக் காட்டில் அவற்றை விட்டோம். சின்னது திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பரில் பொறிப் பருவம் தொடங்கியது. நான் போனபோது தீவனக் கடையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். இந்த வருடம் மீன் எண்ணெய் வைத்துப் பார்க்கப்போவதாக கிளைட் என்கிற பொறிக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான்.

“மீன் எண்ணெய்க்கு ஊர்ப் பூனையெல்லாம் வந்து மாட்டும்” என்றார் எர்வின் அண்ணன். “மார்ஷ்மெல்லோ வைங்கடா. ஓடைப் பக்கம் பொறி வைக்கிறவங்க வேற எதையும் வைக்காதீங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரியில் இருந்த பாக்கெட்டுகளையெல்லாம் அள்ளிவந்து ஆளுக்கு ஆள் கையில் திணித்தார்.

“என்னடா இது, எர்வின் அண்ணனா கை நீட்டிக் குடுக்குறது” என்று சிரித்த கிளைட், என் பக்கம் திரும்பினான். “நீங்க சொல்லுங்கக்கா. மீனா, மிட்டாயா?”

பொறிக்காரர்களுக்கு நான் அதுவரை ஒரு வார்த்தை யோசனை சொன்னதில்லை. அண்ணன் என்னைப் பார்க்காமல் கையிலிருந்த பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன் சொல்றதைக் கேளு” என்றேன்.